மென்சாவில் சாப்பிடத் தெரிந்துகொண்டு விமானம் ஏறுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜெர்மனியில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்த பிள்ளைகள் பெட்டி கட்டும் பருவம் இது. அவர்களுக்காகக் கல்விப் பக்கங்களில் வரும் குறிப்புகளில் விசா இருக்கிறது, அதற்காகச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுவைக்கும் முடக்கக் கணக்கு இருக்கிறது, மருத்துவக் காப்பீடு இருக்கிறது. சாப்பாடு என்று வந்தால் மட்டும் குட்டிக் குக்கர், சாம்பார்ப் பொடி, ஊறுகாய் என்று முடித்துவிடுகிறார்கள். குக்கர் ராத்திரிக்கு உதவும். காலை எட்டேகால் வகுப்புக்குக் கிளம்பி மாலை ஆறு மணிக்குத் திரும்புகிறவர் மதியம் எங்கே சாப்பிடுவார் என்று யாரும் எழுதுவதில்லை. அதற்கென்று அங்கே ஓர் ஏற்பாடு இருக்கிறது. பல்கலைக்கழக உணவகம், மென்சா என்பார்கள். அதன் நடைமுறை பிடிபடாமல்தான் நம் பிள்ளைகளில் பலர் முதல் செமஸ்டரை ரொட்டித் துண்டிலும் கப் நூடுல்ஸிலும் ஓட்டிவிடுகிறார்கள். ருசி பிடிக்காமல் ஒதுங்குகிறவர்களைவிட, கார்டு வேலை செய்யாமலும் பலகை புரியாமலும் ஒதுங்குகிறவர்களே அதிகம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். மென்சாவை நடத்துவது பல்கலைக்கழகம் அல்ல. ஸ்டூடீரெண்டன்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பு நடத்துகிறது. வட்டாரத்துக்கு ஒன்றாக நாடு முழுக்க 57 இருக்கின்றன. முதல் உலகப் போருக்குப் பிந்தைய பஞ்ச காலத்தில் மாணவர்களே கூடித் தொடங்கிய உதவி முயற்சிகளிலிருந்து வளர்ந்தவை இவை. நாடளாவிய கூட்டமைப்பின் தொடக்கம் 1921. விடுதி, மனநல ஆலோசனை, சட்ட ஆலோசனை எல்லாம் இதே அமைப்பின் பொறுப்புதான். செமஸ்டருக்கு ஒருமுறை கட்டும் கட்டணத்தில் இந்த அமைப்புக்கான பங்கும் அடங்கியிருக்கிறது. மாநில அரசும் மானியம் தருகிறது. ஆக, மென்சாவுக்குப் போனாலும் போகாவிட்டாலும் அதற்கான காசில் ஒரு பகுதி ஏற்கெனவே உங்கள் கையைவிட்டுப் போயாயிற்று.

இதனால்தான் விலைப் பலகையில் ஒரே சாப்பாட்டுக்கு மூன்று விலை இருக்கும். முதலாவது மாணவருக்கு, அடுத்தது ஊழியருக்கு, கடைசி விருந்தினருக்கு. மாணவர் விலை பெரும்பாலும் 2 யூரோவிலிருந்து 5 யூரோவுக்குள் அடங்கும். அதே தட்டுக்கு விருந்தினர் ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுப்பார். வெளியே தெருமுனைக் கடையில் ஒரு டோனர் ரொட்டி வாங்கினாலே 7 யூரோ ஆகிவிடும் ஊர்கள் பல.

அங்கே போய் இறங்கிய முதல் மாதத்தில் எல்லாரும் யூரோவை நூறால் பெருக்கிப் பார்ப்பார்கள். ஒரு மதியச் சாப்பாடு நானூறு ரூபாயா என்று மலைத்துப்போய் வயிற்றைக் கட்டுவார்கள். பெருக்கல் சரிதான், ஒப்பீடு தவறு. 2024 செப்டம்பர் முதல் விசாவுக்கு முடக்கக் கணக்கில் காட்ட வேண்டிய தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ. அதாவது மாதம் 992. இதில் வாடகை ஊரைப் பொறுத்துப் பாதி வரை போகும், மியூனிக்கில் பாதியைத் தாண்டும். மருத்துவக் காப்பீடு 140 யூரோவுக்கு மேல். வார நாள்களில் மட்டும் மென்சாவில் சாப்பிட்டால், வேளைக்கு 4 யூரோ, மாதத்துக்கு இருபது வேளை என்று வைத்தாலும் 80 யூரோ. அந்தத் தொகைக்குள் அதே அளவு காய்கறியும் புரதமும் வருமாறு தனியாளாகச் சமைக்க முடியும், மறுக்கவில்லை. ஆனால் வாங்கவும் நறுக்கவும் பாத்திரம் தேய்க்கவும் ஆகும் நேரத்தையும், பகிர்ந்துகொள்ளும் சமையலறையில் அடுப்புக்குக் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். தேர்வுக் காலத்தில் அந்த நேரம் எங்கிருந்து வரும்?

இனி கார்டு. பெரும்பாலான மென்சாக்களில் ரொக்கம் வாங்குவதில்லை, அல்லது ஒரே ஒரு கவுண்டரில் மட்டும் வாங்குவார்கள். சில ஊர்களில் மாணவர் அடையாள அட்டையிலேயே பணத்துக்கான சில்லு இருக்கும். சில ஊர்களில் மென்சா கார்டு தனி, சிறு முன்பணம் கட்டி வாங்கித் திருப்பிக் கொடுக்கும்போது மீட்டுக்கொள்ளலாம். வாசலருகே சுவரில் பணம் ஏற்றும் மெஷின் நிற்கும். தகராறு அங்கேதான் தொடங்குகிறது. பல மெஷின்கள் ஜிரோகார்டு என்ற ஜெர்மானிய வங்கி அட்டையை மட்டும் ஏற்கும். நம் ஊர் வங்கியின் டெபிட் கார்டைச் செருகினால் துப்பிவிடும். அங்கே வங்கிக் கணக்கு திறந்து அட்டை தபாலில் வந்து சேர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அதுவரைக்கும் என்ன செய்வது? நோட்டு வாங்கும் மெஷின் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று ஸ்டூடீரெண்டன்வெர்க் தகவல் மேசையில் கேட்டால் சொல்வார்கள். அதற்காகவே 5, 10, 20 யூரோ நோட்டுகளாகக் கொஞ்சம் கையில் வைத்திருக்க வேண்டும். 100 யூரோ நோட்டு இங்கே பயன்படாது. அடையாள அட்டை இன்னும் கைக்கு வராதவர்கள், சேர்க்கைச் சான்றிதழின் அச்சுப் பிரதியைக் காட்டினால் மாணவர் விலைக்கான கார்டு தரும் இடங்களும் உண்டு.

இன்னொரு சிக்கல் அக்டோபர் முதல் வாரத்திலும் ஏப்ரல் முதல் வாரத்திலும் வரும். குளிர்கால செமஸ்டர் மார்ச் 31-இலும் கோடைக்கால செமஸ்டர் செப்டம்பர் 30-இலும் முடிகின்றன. பல பல்கலைக்கழகங்களில் அட்டையைப் புதிய செமஸ்டருக்குப் புதுப்பிக்க அதற்கென்று உள்ள மெஷினில் ஒருமுறை செருகி எடுக்க வேண்டும். தேதி புதிதாக அச்சாகிவரும். இதை மறந்தால் கல்லாவில் விருந்தினர் விலை விழும். விழுந்தபின் வாதாடிப் பயனில்லை, பின்னால் வரிசை நின்றுகொண்டிருக்கும். ஜெர்மானிய வங்கிக் கணக்கு வந்துவிட்டால், இருப்பு குறையும்போது தானாக ஏறும் ஏற்பாடு சில ஊர்களில் உண்டு, செய்துவிடுவது நல்லது. பெயர் பதியாத கார்டைத் தொலைத்தால் அதிலிருக்கும் பணமும் போய்விடும் என்பதால் ஐம்பது நூறு என்று ஏற்றிவைக்க வேண்டாம்.

நேரத்தைப் பொறுத்தவரை ஒரே விதி: மென்சா என்பது மதியச் சாப்பாடு. பெரும்பாலும் காலை 11 மணிக்குத் திறந்து பிற்பகல் இரண்டு, இரண்டரைக்கு மூடிவிடுவார்கள். மாலையிலும் சனிக்கிழமையிலும் திறப்பவை சொற்பம், ஞாயிறு கிட்டத்தட்ட எங்கும் இல்லை. ஜெர்மானியர்கள் மதியம் சூடாகச் சாப்பிட்டு, இரவில் ரொட்டி, சீஸ் என்று குளிர்ச்சியாக முடித்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள். நம் பிள்ளைகள் இதற்கு நேர்மாறாகப் பகலில் எதையாவது கொறித்துவிட்டு இரவு பத்து மணிக்குச் சோறு வடிக்கிறார்கள். வகுப்புகள் கால் மணிக் கணக்கில் தொடங்கி முக்கால் மணிக் கணக்கில் முடிவதால் 11.45-க்கு ஒரு பெருங்கூட்டம் கிளம்பும். பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டே முக்கால் வரை வரிசை கதவைத் தாண்டும். 11.15-க்கோ ஒன்றேகாலுக்கோ போனால் தாராளமாக இடம் கிடைக்கும். ஒன்றரைக்கு மேல் போகிறவர்கள் சைவத் தட்டு தீர்ந்துவிட்டது என்ற பதிலுக்கும் தயாராக இருக்க வேண்டும். வகுப்பில்லாத மாதங்களில், அதாவது பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரையும் ஜூலைக் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரையும், நேரத்தைச் சுருக்குவார்கள், சில கிளைகளை மூடியே விடுவார்கள். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை பூட்டுதான்.

உள்ளே போனதும் செய்ய வேண்டியது எளிது. வாசலில் திரையிலோ பலகையிலோ அன்றைய பட்டியல் இருக்கும். ஒவ்வொரு உணவுக்கும் கவுண்டர் எண் இருக்கும். டிரேயும் கரண்டி, முள்கரண்டியும் எடுத்துக்கொண்டு அந்த எண்ணுக்கான வரிசையில் நிற்க வேண்டும். சில இடங்களில் ஒரே தட்டில் முழுச் சாப்பாடாகத் தருவார்கள். சில இடங்களில் முக்கிய உணவு தனி, பக்க உணவு தனி; பைலாகெ என்று பலகையில் இருப்பது இந்தப் பக்க உணவுதான். சோறு, உருளைக்கிழங்கு, காய்கறி, சிறு சாலட், இனிப்பு எல்லாம் இதில் அடங்கும். விலையில் எத்தனை பைலாகெ சேர்ந்திருக்கிறது என்று பார்த்து எடுக்க வேண்டும். தெரியாமல் நாலு கிண்ணத்தை டிரேயில் அடுக்கிக்கொண்டு போய் கல்லாவில் விழிப்பவர்கள் உண்டு. இரண்டு மூன்று பைலாகெ மட்டும் வாங்கி அதையே சாப்பாடாக்கிக்கொள்ளவும் தடையில்லை. சோறு, வேகவைத்த காய், ஒரு கிண்ணம் பயறு சாலட் என்று எடுத்தால் முழுத் தட்டைவிட மலிவாகக்கூட முடியலாம்.

சாலட் பகுதியிலும், சில ஊர்களில் சூடான உணவுக்கும், எடைக்கு விலை. தட்டின் எடையைக் கழித்துவிட்டு 100 கிராமுக்கு இவ்வளவு என்று கல்லாவிலுள்ள தராசு கணக்குப் போடும். 100 கிராம் 90 சென்ட் என்று வைத்துக்கொண்டால், அரைக் கிலோ ஏறிய தட்டுக்கு நாலரை யூரோ. நம் கை தானாகப் போவது உருளைக்கிழங்கு சாலட்டுக்கும், தயிர்க் குழம்புக்கும், தக்காளி, வெள்ளரி போன்ற நீர்ச்சத்துள்ளவற்றுக்கும். இவைதான் எடை. கீரை இலை, துருவிய கேரட், வறுத்த விதைகள் தட்டை நிறைப்பது போலத் தெரிந்தாலும் தராசில் லேசு. வயிறு நிறைய வேண்டுமானால் கொண்டைக்கடலை, ராஜ்மா, பயறு ஆகியவற்றுக்கு எடை கொடுப்பதில் தவறில்லை, டிரெஸ்ஸிங்குக்குக் கொடுப்பதுதான் வீண். அதை மேலே ஊற்றாமல் எண்ணெயும் வினிகரும் வைத்திருந்தால் அதில் கொஞ்சம் விட்டுக்கொள்ளலாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்: பலகையை வாசிப்பது. நம்மவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

ஜெர்மனியில் வெஜிடாரிஷ் என்ற குறி இருந்தால் அதில் இறைச்சியோ மீனோ இருக்காது. முட்டை இருக்கலாம்; பலவற்றில் இருக்கும். ஷ்பெட்ஸ்லெ என்ற நூடுல்ஸ் முட்டையில் பிசைந்ததுதான். கேஸெஷ்பெட்ஸ்லெ என்றால் அதன்மேல் சீஸும் வறுத்த வெங்காயமும். ரொட்டித் துண்டில் பிடிக்கும் ஸெம்மெல்க்னோடெல் உருண்டையிலும், துருவிய உருளைக்கிழங்கைப் பொரித்த கார்டொஃபெல்புஃபரிலும், காய்கறிக் கட்லெட்டிலும் முட்டை சேர்ப்பது வழக்கம். நம் ஊர்க் கணக்கில் சைவம் சாப்பிடுகிறவர் வெஜிடாரிஷ் குறியை நம்பக் கூடாது, முட்டை, பால் உட்பட விலங்குப் பொருள் எதுவும் இல்லை என்று சொல்லும் வீகன் குறியைத் தேட வேண்டும். பால், தயிர் வேண்டுமென்றால் அதைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். ஒரே ஒரு ஆலோசனைக்குத்தான் இடமிருக்கிறது என்றால், விமானம் ஏறும் சைவப் பிள்ளைக்கு இதைத்தான் சொல்வேன்.

குறியே இல்லாமல் "இறைச்சியில்லாதது" என்ற பொருளில் ஃப்லைஷ்லோஸ் என்று மட்டும் எழுதியிருந்தால் அது மீனாகவும் இருக்கலாம், வெள்ளிக்கிழமைகளில் குறிப்பாக. அடுத்தது சூப். காய்கறி சூப் என்று பெயர் இருந்தாலும் குறி இல்லையென்றால் அடிச்சாறு மாட்டெலும்பில் எடுத்ததாக இருக்கலாம். ரிண்டர்ப்ரூயெ என்ற சொல்லைக் கண்டால் அதுதான். பருப்பில் கெட்டியான சூப் போலச் செய்யும் லின்ஸென்-ஐன்டொப்ஃப் நமக்கு மிகவும் ஒத்துவரும் உணவு, விலையும் குறைவு. அதிலேயே தொத்திறைச்சித் துண்டும் ஷ்பெக் என்ற பன்றிக்கொழுப்புத் துணுக்கும் போட்டு ஒரு வகை, போடாமல் ஒரு வகை என இரண்டு உண்டு. குறியைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். புளித்த முட்டைக்கோஸான ஸவர்க்ராவுட், சிவப்பு முட்டைக்கோஸ், பச்சைப் பீன்ஸ் போன்ற அப்பாவிப் பக்க உணவுகளிலும் ஷ்பெக்கோ ஷ்மால்ட்ஸ் என்ற பன்றிநெய்யோ சேரும். இனிப்பில் ஷெலாட்டீனெ, அதாவது விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின், க்ரீம் வகைகளை உறையவைக்கப் பயன்படுகிறது. பார்மெசான் சீஸைக் கன்றின் இரைப்பை நொதி சேர்த்துத்தான் திரிப்பார்கள். கெட்டிப்பட்ட சைவர்கள் அதையும் விலக்குவார்கள்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு ரிண்ட் என்ற சொல் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். தவறுவது கால்ப், அதாவது கன்று. வீனர் ஷ்னிட்ஸெல் என்ற பெயரில் விற்க வேண்டுமானால் அது கன்றிறைச்சியாக இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. ஷ்னிட்ஸெல் வீனர் ஆர்ட் என்று சொற்கள் இடம் மாறினால் பெரும்பாலும் பன்றி. குலாஷ் என்ற இறைச்சிக் குழம்பை மாட்டிலும் செய்வார்கள், பன்றியிலும் செய்வார்கள். ஹாக் என்று தொடங்கும் கொத்துக்கறியும் ஃப்ரிகடெல்லெ என்ற உருண்டையும் மாடும் பன்றியும் கலந்ததாக இருப்பது சகஜம். கோழி ஹென்ஷென், வான்கோழி பூட்டெ. கோழித் தொத்திறைச்சி என்றாலும் அதில் பன்றிக்கொழுப்பு கலந்திருக்கலாம் என்பதால் பன்றியின் படக்குறி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். கரிவுர்ஸ்ட் என்ற தொத்திறைச்சியில் கறிப்பொடி தூவிய தக்காளிச் சாறு உண்டு, உள்ளே பெரும்பாலும் பன்றி. சந்தேகம் வந்தால் பரிமாறுகிறவரிடம் "இஸ்ட் டா ஷ்வைன் த்ரின்?" என்று கேளுங்கள், இதில் பன்றி இருக்கிறதா என்று பொருள். ஆளுக்கு ஆள் முகம் வேறுபட்டாலும் பதில் தெளிவாக வரும். குழம்பு வேண்டாமென்றால் "ஓனெ ஸோஸெ, பிட்டெ". இதைத் தட்டில் ஊற்றுவதற்கு முன் சொல்ல வேண்டும், அவர்கள் கை வேகம்.

பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் எண்ணும் எழுத்துமாக வரிசை ஓடும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி 14 ஒவ்வாமைப் பொருள்களைத் தெரிவித்தாக வேண்டும்: கோதுமை முதலான பசைய தானியம், முட்டை, பால், மீன், இறால் வகை, சிப்பி வகை, வேர்க்கடலை, கொட்டைப் பருப்புகள், எள், சோயா, கடுகு, செலரி, லூப்பின் என்ற பயறு வகை, சல்ஃபைட். எண்கள் பெரும்பாலும் நிறமி, பதப்படுத்தி போன்ற சேர்மானங்களைக் குறிக்கும். எந்த எழுத்துக்கு எந்தப் பொருள் என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. ஓர் ஊரில் மனப்பாடம் செய்த எழுத்தை வேறு ஊரில் நம்பினால் ஆபத்து. விளக்கப் பட்டியல் அதே பலகையின் அடியில் இருக்கும். வெங்காயமும் பூண்டும் இந்தப் பதினான்கில் இல்லை. அவற்றைத் தவிர்க்கும் ஜைனருக்கு எந்தக் குறியும் துணை வராது, வேகவைத்த காயும் சாலட்டும் சோறும்தான் மிஞ்சும். உருளைக்கிழங்கையும் விலக்குபவர்களுக்கு மென்சா கடினமே. ஹலால் பற்றியும் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடலாம். ஒரு சில இடங்கள் தவிர, மென்சாவில் கோழி என்றாலே ஹலால் என்று எடுத்துக்கொள்ள முடியாது. வீகன், மீன் என்று போவதே வழி. குழம்பில் ஒயின் சேர்த்திருந்தால் அதற்குத் தனிக் குறி உண்டு, அதையும் பார்க்க வேண்டும். எண்ணெயைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: உருளைக்கிழங்கு ஃப்ரைஸ் வீகன் குறியோடு இருந்தாலும், அதே எண்ணெயில் வேறெதையும் பொரிக்கிறார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இத்தனை எச்சரிக்கையையும் படித்துவிட்டு, சைவர்களுக்கு அங்கே வழியே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். நிலைமை வேகமாக மாறிவருகிறது. பெர்லினில் ஃப்ரை பல்கலைக்கழகத்தின் ஒரு மென்சா 2010-இலேயே முழு வெஜிடாரிஷ் ஆனது. 2019-இல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில் முழு வீகன் மென்சா வந்தது. 2021 குளிர்கால செமஸ்டரில் பெர்லின் முழுவதற்கும் வகுத்த பட்டியலில் இறைச்சியும் மீனும் சேர்ந்தே நூற்றுக்கு நான்கு பங்குதான். மற்ற ஊர்களிலும் தினம் ஒரு வீகன் தட்டாவது இல்லாத பெரிய மென்சாவைக் காண்பது அரிது. ஷ்பைசெப்ளான் என்ற உணவுப் பட்டியலை ஒரு வாரம், இரண்டு வாரம் முன்பே ஸ்டூடீரெண்டன்வெர்க் தளத்தில் போட்டுவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு ஐந்து நிமிடம் அதைப் பார்த்து, எந்த நாள் மென்சா, எந்த நாள் டப்பா என்று முடிவு செய்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். பல தளங்களில் வடிகட்டியும் உண்டு. பன்றி, முட்டை, பால் என்று தட்டிவிட்டால் அவை மறைந்துவிடும்.

ருசியைப் பற்றி இரண்டு வார்த்தை. காரம் கிடையாது, உப்பு மட்டு, மிளகும் உப்பும் மேசையிலோ ஓரமாகவோ இருக்கும். "கறி" என்று பெயர் வைத்துத் தருவது தேங்காய்ப்பாலும் அன்னாசியும் சேர்ந்த மஞ்சள் குழம்பாக இருக்க வாய்ப்பு அதிகம். நம் ஊர் நினைப்பில் வாங்கி ஏமாறுவதைவிட ஐன்டொப்ஃப், அடுப்பில் சுட்ட காய்கறி, பாஸ்தா என்று அவர்களுக்குக் கைவந்ததை வாங்குவது மேல். மில்ஷ்ரைஸ் என்ற ஒன்றை இனிப்பு என்று நினைத்து ஒதுக்க வேண்டாம். லவங்கப்பட்டைச் சர்க்கரையோ செர்ரிப்பழமோ மேலே போட்ட பால்சோறு அது, அங்கே முழுச் சாப்பாடாகவே உண்கிறார்கள். மூன்று மணிக்கெல்லாம் பசித்துவிடும் என்பதுதான் குறை. ஒரு சின்னப் புட்டியில் பருப்புப்பொடியோ எலுமிச்சை ஊறுகாயோ பையில் இருந்தால் எந்த வீகன் தட்டும் உள்ளே இறங்கும். பக்கத்தில் இருப்பவர் முறைக்க மாட்டார், என்னவென்று கேட்பார், அவ்வளவே.

அந்தப் பொடியை நெய்யில் பிசைந்து சாப்பிடும் ஆசையில் ஊரிலிருந்து நெய் கட்டிக்கொடுக்கும் பெற்றோர் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணி பால் பொருளையும் இறைச்சியையும் கொண்டுபோக அனுமதி இல்லை. நெய், பன்னீர், மட்டன் ஊறுகாய் எல்லாம் சுங்கத்தில் குப்பைக்குப் போகும். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள், அதனால் அதையும் காயவைத்தோ பொடித்தோ கொடுங்கள். வேடிக்கை என்னவென்றால் காய்ந்த மீன் ஆளுக்கு 20 கிலோ வரை போகலாம். கருவாட்டுக்கு வழி விட்டு நெய்யை மறிக்கிறது சட்டம். விடுதிச் சமையலறையில் அதை வறுத்தால் அறைத்தோழர்கள் விடும் சட்டம் வேறு.

மற்றவை சில்லறை. மென்சா மேசையில் வீட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட அநேகமாக எங்கும் தடையில்லை, ஆனால் மைக்ரோவேவ் இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது, சொந்தப் பாட்டில் போதும். கடைப் பாட்டிலுக்கு 25 சென்ட் வரை ப்ஃபாண்ட் என்ற முன்பணம் சேரும், காலிப் பாட்டிலைத் திருப்பினால் மீண்டு வரும். பார்சல் வேண்டுமானால் திருப்பித் தரும் டப்பாவில் வாங்கலாம். அதற்கும் முன்பணம் அல்லது செயலி. சாப்பிட்டு முடித்ததும் டிரேயைத் தட்டோடு ஓடும் பட்டையில் வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும், மேசையில் விட்டுப் போவது மரியாதையாகாது. நீள மேசையில் காலி நாற்காலி இருந்தால் "இஸ்ட் ஹியர் ஃப்ரை?" என்று கேட்டு உட்காரலாம், பழக்கம் பிடிக்கும் இடமே அதுதான்.

கையில் காசே இல்லாத மாதம் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் பகுதிநேர வேலை கிடைக்காமல் முடக்கக் கணக்கு மட்டுமே கதியாக இருப்பவர்கள் வெளியில் சொல்வதில்லை. பல ஸ்டூடீரெண்டன்வெர்க்குகளில் சமூக ஆலோசனைப் பிரிவு இருக்கிறது. சில ஊர்களில் நெருக்கடியில் இருக்கும் மாணவருக்கு ஃப்ரைடிஷ் என்ற பெயரில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இலவச மென்சாச் சாப்பாடு தருகிறார்கள். வெளிநாட்டு மாணவரும் கேட்கலாமா என்பதை அந்தந்த ஊரில் விசாரிக்க வேண்டும். சேர்க்கைச் சான்றிதழ், கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கை, வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றோடு முன்பதிவு செய்துகொண்டு போனால் பேச்சு விரைவில் முடியும். இருப்பு பூஜ்யமாகும் வரை காத்திருக்காமல் ஒரு மாத வாடகை மிச்சமிருக்கும்போதே போவது நல்லது. விண்ணப்பத்தைப் பார்க்க அவர்களுக்கும் சில வாரம் பிடிக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஆகன், ஜெர்மனி.